பெருவிரல் எலும்பு முள்: சீவுவதா, இணைப்பதா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து, அதன் மேல் கொண்டைக்கடலை அளவில் எலும்பு முள்ளாகப் புடைத்திருக்கிறது. செருப்பு வார் உரசி அந்த இடம் கன்றிவிட்டது. மாத்திரையும் அகலமான காலணியும் கைகொடுக்கவில்லை. மருத்துவர் அறுவை சிகிச்சையில் இரண்டு வழிகள் சொன்னார். வீடே இரண்டுபட்டு நிற்கிறது.

சீவினால்: முள்ளோடு, மூட்டில் முடியும் பாத எலும்பின் தலையில் மேற்புறமாக ஏறத்தாழக் கால் பங்கை எடுப்பார்கள்.
இணைத்தால்: மிச்சக் குருத்தெலும்பை நீக்கி, மூட்டின் இரண்டு எலும்புகளையும் தகடு, திருகு வைத்து ஒன்றாக்குவார்கள். செலவும் அதற்கேற்பக் கூடும்.

மடங்குவதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. சீவினால் விரல் மடங்கும்; இணைத்தால் அந்த மூட்டு மடங்கவே மடங்காது. பெரியம்மா விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து, முன்பாதத்தில் எடையைத் தாங்கிக் கோலம் போடுகிறவர். இணைத்த பிறகும் நன்றாக நடக்கலாம், ஆனால் அப்படிக் குந்துவது கடினம்.

தேறுவது: சீவியவர்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே கெட்டியான அடிப்பாகமுள்ள காலணியோடு நடக்கிறார்கள். இணைத்த எலும்புகள் ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் பிடிக்கும். புகைப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம்.

நீடிப்பது: சீவிய இடத்தில் முள் மறுபடி வளரலாம், தேய்மானமும் தொடரலாம். அப்போது இணைத்துக்கொள்ள வழி உண்டு. இணைத்ததைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல.

விரலை மேலே வளைக்கும்போது மட்டும் வலித்து, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி தெரிந்தால் சீவுவது போதும். எந்த அசைவிலும் வலித்து, இடைவெளியும் மறைந்திருந்தால் இணைப்பதே நிம்மதி. பெரியம்மாவின் படத்தில் இடைவெளி நன்றாகவே தெரிகிறது. சீவச் சொல்லியிருக்கிறேன்.