உருகாத நிலத்துக்கு ஓஎம்-1 கேமரா தாங்குமா?

கனடாவின் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கும் கிரைஸ் ஃபியோர்டு என்ற ஊருக்கு, வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் வைத்த பெயர் அவுயுயிட்டுக்: ஒருபோதும் உருகாத இடம். 1953இலும் 1955இலும் கியூபெக்கின் இனுக்யுவாக் பகுதியிலிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றி, இங்கேயும் ரெசல்யூட் என்ற இன்னொரு வடதுருவ ஊரிலும் இறக்கியது கனடா அரசு. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். அந்த வெட்டவெளியைப் படமெடுக்கப் போகிறவருக்கு ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 நல்ல துணை. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சாதகம் எடை. பேட்டரி, கார்டோடு கேமரா உடல் 599 கிராம், 12-40 எஃப்2.8 புரோ இரண்டாம் பதிப்பு லென்ஸ் 382 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தொடவில்லை. ரெசல்யூட்டிலிருந்து சிறிய ட்வின் ஆட்டர் விமானத்தில் போக வேண்டியிருப்பதால் இது பெரிய விஷயம். இந்தக் கூட்டணிக்கு ஐபி53 என்ற தர அளவில் தூசி, நீர்த்தூறல் பாதுகாப்பும் உண்டு. காற்றில் பறக்கும் பொடிப்பனி எளிதில் உள்ளே நுழையாது.

குளிருக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் மைனஸ் 10 டிகிரி வரைதான். ஏப்ரலில் அங்கே மைனஸ் 20 சாதாரணம். முதலில் சோர்வது பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 520 படம் என்ற நிறுவனக் கணக்கை அங்கே நம்பக் கூடாது. குளிரில் லித்தியம் செல்லின் உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென்று விழும். உடற்சூட்டில் வைத்தால் பெருமளவு மீளும். நான்கு பேட்டரி வாங்கி, மூன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள். உறைகுளிரில் இருந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடக் கூடாது, கெட்டுவிடும்.

குளிரைவிடக் கேமராவைக் கொல்வது வீட்டுக்குள் நுழையும் அந்த நிமிடம். சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீர் கோக்கும். ஐபி53 இதைத் தடுக்காது. வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் கழற்றுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் உறையில் மூடி, உள்ளே கொண்டுபோய் இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள்.

வெண்பனியைப் பார்த்துக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாந்து, படத்தில் அதைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை கூட்டி, ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, பின்னால் திருத்த வசதியான ரா கோப்பில் எடுங்கள். மே மாத நள்ளிரவில் சூரியன் வடக்கே தாழ்ந்து நின்று நீண்ட பொன்னொளி தரும். ஆனால் ஊருக்கு வடக்கே மலை. வீடுகள் நிழலில் விழலாம். கடற்பனிமேல் இறங்கினால் ஒளி கிடைக்கும். அதற்கு உள்ளூர் வேட்டைக்காரர் கூடவே வர வேண்டும், துருவக்கரடி நடமாடும் இடம் அது.

பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் 80 மெகாபிக்சல் டிரைபாட் முறை பனிமலைக்கு அருமை. ஆனால் காற்றில் பனி பறந்தால் இணைக்கும்போது குழம்பும். நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரையான துருவ இருளுக்கு இந்தச் சிறிய சென்சார் போதாது. ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். அந்தக் காலத்துக்குப் பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவே சரி.

ஊரில் லூட்டி பிஜாமினி செதுக்கிய நினைவுச்சிலை இருக்கிறது: ஒரு பெண், சிறுவன், நாய். அவள் ரெசல்யூட்டை நோக்கிப் பார்க்கிறாள். ரெசல்யூட்டில் சிமியோனி அமகோலிக் செதுக்கிய ஆண் இந்தப் பக்கம் பார்க்கிறான். பிரிக்கப்பட்ட குடும்பங்களின் அடையாளம். லென்ஸை அகலமான 12 மிமீயில் வைத்து எடுத்தால் வெட்டவெளியில் அவள் தொலைந்துபோவாள். 25 மிமீ வைத்து, அவள் பார்க்கும் பக்கம் சட்டத்தில் வெற்றிடம் விடுங்கள். திரும்பும் வழியில் ரெசல்யூட்டிலும் அதே 25 மிமீயில், எதிர்ப்பக்கம் வெற்றிடம் விட்டு எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அச்சிட வேண்டும்.