சின்ன வாசலுக்கு இலையுதிர்கால அலங்காரம்: எட்டாவது வாரம் எது நிற்கும்?

எங்கள் வீட்டு முன்வாசல் ஐந்தடிக்கு நான்கடி. டொரண்டோவின் கிழக்குப் பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மூன்று படி ஏறினால் சிமெண்டு மேடை, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி, தலைக்கு மேல் சின்னக் கூரை. வெளிப்பக்கமாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வேறு உண்டு. அந்தக் கதவு வீசித் திறக்கும் இடத்தைக் கழித்துவிட்டால், பிடிப் பக்கம் ஒரு மூலையும் கீல் பக்கம் ஒரு கீற்றும்தான் மிச்சம். பார்சல் கொண்டுவருபவர் கால் வைக்கவும் இடம் வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் ஓரத்தில் சிவக்கத் தொடங்கியதுமே கடைவாசல்களில் பரங்கிக்காயும் செவ்வந்தித் தொட்டியும் குவிந்துவிடும். அன்று வாங்கி எதை வைத்தாலும் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் வருவதுதான் பாடு. அக்டோபர் இரண்டாவது திங்கள் கனடாவின் நன்றி நவிலல் நாள். 31ஆம் தேதி ஹாலோவீன், பிள்ளைகள் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாக வரும் நாள். நம் தீபாவளி இதற்கு நடுவிலும் வரும், தள்ளியும் வரும். 2024இல் ஹாலோவீன் அன்றே வந்தது; 2025இல் அக்டோபர் 20; 2026இல் நவம்பர் 8. அத்தனைக்கும் இருப்பது ஒரே வாசல். மழை, காற்று, அணில், முதல் உறைபனி எல்லாம் இந்த எட்டு வாரத்துக்குள் வந்துவிடும். பத்து வருஷம் வைத்து வைத்து எடுத்ததில் நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: கடையில் பார்க்கும்போதே, எட்டாவது வாரம் இது எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குவது.

முழுப் பரங்கி, செதுக்கிய பரங்கி, நுரைப் பரங்கி

ஹாலோவீனுக்காக உள்ளே குடைந்து, முகம் வெட்டி, விளக்கேற்றும் செதுக்கிய பரங்கியின் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து கோர முகம் வெட்டி வைப்பார்கள். அங்கிருந்து கடல் தாண்டி வந்தவர்கள், இந்த மண்ணில் பெரிதாக விளைந்த பரங்கிக்கு மாறிக்கொண்டார்கள். கெட்டது எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்ற நினைப்பு நமக்கும் பழக்கம்தானே? கட்டுகிற வீட்டில் அரக்க முகம் வரைந்த பூசணியைத் தொங்கவிடுகிறோம். ஆயுத பூஜை அன்று வெள்ளைப் பூசணியில் குங்குமம் தடவி வாசலில் உடைக்கிறோம். இங்கு வந்த முதல் அக்டோபரில், தெரு முழுக்க எரிந்த அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்கு ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்தது.

ஆனால் வெட்டிய காய் எங்கே வைத்தாலும் வெட்டிய காய்தான். தோலைத் திறந்த நிமிஷத்திலிருந்து உட்புறம் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். குளிர் துணையிருந்தால் ஒரு வாரம் தாங்கும். வெயிலடித்தால் நாலு நாளில் கண்ணும் வாயும் உள்வாங்கி முகம் தொய்ந்துவிடும். இந்த ஊர்க் கறுப்பு அணில்களுக்கு அந்தச் சதை வாசனையே அழைப்பு. நன்றி நவிலலுக்கே செதுக்கி வைத்தால் ஹாலோவீனுக்கு இருக்காது. குழந்தைகள் உள்ள வீடென்றால் 29, 30ஆம் தேதி வாக்கில் ஒன்றே ஒன்று செதுக்குங்கள். அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

முழுக்காய் வேறு ரகம். நன்றாக விளைந்த பரங்கி, வெட்டாமல் வைத்தால், இந்தக் குளிரில் இரண்டு மாதம் அசையாமல் இருக்கும். விளைந்ததா என்று பார்க்க நகத்தால் அழுத்துங்கள், தடம் பதியக்கூடாது. காம்பு ஒட்டியிருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது பிய்ந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் வருஷம் நல்ல காயாகப் பார்த்து நேரே சிமெண்டுத் தரையில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து இடம் மாற்றத் தூக்கினால் மேல்பாதி கையோடு வந்தது, கீழ்ப்பாதி தரையிலேயே தங்கிவிட்டது. தரை ஈரம் அடியிலேயே தேங்கியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு மரப்பலகை போட்டு அதன் மேல்தான் வைக்கிறேன்.

சின்ன வாசலுக்கு உருண்டைக் காயைவிடத் தட்டைக் காய் மேல் என்பது என் கட்சி. உருண்டையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. மூன்று வாங்கினால் மூன்று இடம் பிடிக்கும். சிண்ட்ரெல்லா என்ற பெயரில் ஒரு பழைய பிரெஞ்சு ரகம் கிடைக்கிறது. அழுத்தின மாதிரி தட்டை, ஆழமான வரிகள், காவிச் சிவப்பு. ஜாராடேல் என்று ஓர் ஆஸ்திரேலிய ரகம், சாம்பல் பூத்த நீலம். கீழே ஜாராடேல், நடுவில் சிண்ட்ரெல்லா, உச்சியில் உள்ளங்கையளவு குட்டிப் பரங்கி என்று அடுக்கினால் ஒரு காயின் இடத்தில் மூன்றும் அடங்கும். தெருவில் நடந்து போகிறவர் கண்ணுக்கு எட்டும் உயரமும் வந்துவிடும். செதுக்குகிற சாதாரணக் காயைவிட இவற்றுக்கு விலை கூடத்தான். ஆனால் அந்தக் காய் நாரும் தண்ணீருமாகச் சமையலுக்குச் சுகப்படாது. இவை இரண்டுக்கும் சதை கெட்டி, நல்ல ருசி.

முழுக்காய்க்குப் பகை உறைபனி. ஒரு ராத்திரி உறைந்து காலையில் இளகினால் சதை கூழாகிவிடும். அக்டோபர் பின்பாதியிலிருந்து இரவு வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுத்து வைத்துவிட்டு மறுநாள் வெளியே வைக்கலாம். மூன்று காயைத் தூக்கிவைக்க இரண்டு நிமிஷம்.

நுரையில் (ஃபோம்) செய்த செயற்கைப் பரங்கிக்கு இந்தத் தொந்தரவு எதுவுமில்லை. எட்டு வாரம் என்ன, எட்டு வருஷம் இருக்கும். என் கணக்கை அப்படியே பிடித்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க வெயில் விழும் வாசல், அடிக்கடி வெளியூர் போகிற வீடு, கனம் தூக்க முடியாத பெரியவர்கள் என்றால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். எடை கிடையாது என்பதால் காற்றில் உருண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். அடியில் துளை போட்டு உள்ளே கூழாங்கல் நிரப்ப வேண்டும். மெழுகுவர்த்தி மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், நுரை தீப்பிடிக்கும். சாயம் வெயிலில் வெளுக்கும். மீதி பத்து மாதம் அதை எங்கே வைப்பது என்பது என்னைப் போன்ற சின்ன வீட்டுக்காரர்களுக்கு நிஜமான கேள்வி. எனக்கு ஒத்துவராததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செவ்வந்தியா, அலங்கார முட்டைக்கோஸா?

செவ்வந்தியின் மேல் எனக்குப் பிரியம் அதிகம். கும்பகோணத்தில் முழம் போட்டு வாங்கிய பூ இங்கே தொட்டி நிறைய, பந்து போலப் பூத்து நிற்கிறது. இரவு நீள நீளத்தான் மொட்டுவிடும் செடி என்பதால் இந்தப் பருவம் அதற்கே உரியது. ஆனால் கடையில் முழுக்க மலர்ந்திருக்கும் தொட்டியை எடுக்காதீர்கள். எல்லோர் கையும் அதற்குத்தான் போகும். அதன் நல்ல நாட்கள் பாதி கடையிலேயே கழிந்திருக்கும். நிறம் தெரிகிற அளவுக்கு மட்டும் நாலைந்து மொட்டு திறந்திருக்கும் செடியைத் தேடி எடுங்கள். அப்படி எடுத்தால் மூன்று நாலு வாரம் பூ நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் இதை இழக்கிறார்கள். தொட்டிக்குள் வேர் நெருக்கமாகச் சுற்றியிருக்கும், ஒரு நாள் விட்டாலும் வாடிவிடும். மேலே ஊற்றினால் பூ நனைந்து பழுப்பாகும், வேருக்கும் சரியாகப் போகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரைமணி உட்காரவைத்தால் அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் இருப்பதால் மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது.

அலங்கார முட்டைக்கோஸ் நேர் எதிர். அக்டோபர் ஆரம்பத்தில் பார்த்தால் மங்கலாக, இதையா வாங்குவது என்று தோன்றும். இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கியதும் நடு இலைகளில் ஊதாவும் வெள்ளையும் ரோஜாவும் ஏறும். மற்றதெல்லாம் குளிரில் ஒடுங்கும்போது இது நிறம் கூடிக்கொண்டே போகும். உறைபனியும் தாங்கும். செவ்வந்தி லேசான பனிவரை சமாளிக்கும், கடும் உறைபனி ஒரு ராத்திரி விழுந்தால் பூவெல்லாம் கருகிவிடும். அதே ராத்திரிக்கு மறுநாள் முட்டைக்கோஸ் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் அது முட்டைக்கோஸாக இருக்கட்டும். இரண்டுக்கு இடமிருந்தால் கைப்பிடி ஓரமாகச் செவ்வந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூ முடிந்ததும் தொட்டியை எடுத்துவிட்டால் அந்த இடம் ஹாலோவீன் மிட்டாய்க் கூடைக்கு ஆகும்.

ஆஸ்டர் பூவைப் பற்றியும் கேட்பார்கள். ஊதா நிற நியூ இங்கிலாந்து ஆஸ்டர் இந்த மண்ணுக்கே சொந்தமான செடி. தெற்கே பயணம் போகும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கடைசிக்கட்டத் தேன். தொட்டியில் அடைத்து வாசலில் வைப்பதைவிட, ஒரு முழம் மண் இருந்தாலும் தரையில் நடுவது அதற்கு நல்லது.

மக்காச்சோளத் தட்டையா, இலைவளையமா?

கதவில் மாட்டுகிற இலைவளையம் தரையில் இடம் பிடிக்காது என்பதால் சின்ன வாசலுக்கு அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். இரட்டைக் கதவு இருந்தால் அது சரிவராது. கண்ணாடிக் கதவுக்கும் மரக்கதவுக்கும் நடுவில் வெயில் சூடு அடைபட்டு, ஒட்டியிருக்கும் பசை இளகி, பிளாஸ்டிக் பெர்ரிகள் ஒவ்வொன்றாக உதிரும். கதவை மூடும்போது நசுங்கவும் செய்யும்.

நான் தேர்ந்தெடுப்பது காய்ந்த மக்காச்சோளத் தட்டை. ஆறடிக்குக் குறையாத தட்டைகளைப் பத்துப் பன்னிரண்டாகக் கட்டி விற்பார்கள். கைப்பிடிக் கம்பியோடு ஒரு கட்டு, எதிர்ப்பக்கத் தூணோடு ஒரு கட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டினால் தரையில் ஒரு சாண்கூடப் பிடிக்காது. கல்யாண வீட்டு வாசலில் இருபுறமும் வாழைமரம் கட்டுவோமே, பொங்கலுக்குக் கரும்பு சார்த்துவோமே, அதே நிமிர்வு, அதே நிறைவு. காற்றில் சரசரக்கும். நவம்பர் முழுக்க நிற்கும். வைக்கோல் கட்டு இந்த அளவு வாசலுக்கு வேண்டவே வேண்டாம். மூன்றடி நீளம், நனைந்தால் மக்கும், எலியும் வரும்.

விளக்கு

அகலா, பேட்டரி விளக்கா என்பதில் எனக்கு மனது இரண்டு பக்கமும் இழுக்கும். அகல் ஏற்றுகிறவர்களுக்கு முதலில் ஒன்று: தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும். இங்கே அக்டோபர் மாலை 8 டிகிரி. திரி எரிந்து தீர்ந்து அணைந்துவிடும், எண்ணெய் வெள்ளையாக உறைந்து அப்படியே இருக்கும். நெய்யும் அப்படித்தான். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு அசையாது. காற்றுக்கு, கழுவிய ஊறுகாய் பாட்டிலுக்குள் அகலை இறக்கி வைத்தால் போதும்.

ஆனால் காய்ந்த தட்டைக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது. ஹாலோவீன் அன்று நீள அங்கியும் முகமூடியுமாகப் பிள்ளைகள் ஏறி வருகிற படியில் நெருப்பு கூடவே கூடாது. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது, அகல் வரிசையைச் சன்னல் கண்ணாடிக்கு உட்புறம் திரைச்சீலையை விலக்கி வைத்தேன். வாசலில் மஞ்சள் ஒளி தரும் பேட்டரிச் சரம். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. மாவுக்கோலம் காற்றில் போய்விட்டதால் சாக்பீஸால் ஒரு படிக்கோலம் போட்டு, நடுவில் பரங்கி அடுக்கை வைத்தேன். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் பரங்கிப்பூ வைத்து வளர்ந்தவள் நான். பூவின் இடத்தில் காய். "ஏண்டி, இவ்வளவு நல்ல பரங்கிக்காயை வாசல்ல வெச்சு அழகு பாக்கறியே, ஒரு கீத்து நறுக்கிக் கூட்டு வெக்கப்படாதா?" என்று வந்திருந்த அம்மா கேட்டாள்.

நுரைப் பரங்கி எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் அதுதான். நவம்பர் பின்பாதியில் பெரும்பனி வருகிறது என்று தெரிந்ததும் அடுக்கைக் கலைத்து உள்ளே கொண்டுவந்துவிடுவேன். சாயம் பூசாத, பிளீச்சால் துடைக்காத, ஒரு தடவைகூட உறையாத காய் என்றால் கழுவி நறுக்கலாம். அம்மா கைப்பக்குவத்தில் பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட கூட்டு ஒரு நாள், புளிவிட்டு ஒரு நாள். ஜாராடேலில் ஒரு பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். செதுக்கிய ஒன்று மட்டும் ஹாலோவீன் முடிந்ததும் பச்சைக் குப்பைத் தொட்டிக்கு. மாநகராட்சிக்காரர்கள் எடுத்துப்போய் உரமாக்குவார்கள். நகரின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் நவம்பர் 1 மாலை சொராரன் பூங்காவுக்குக் கொண்டுபோகலாம். அங்கே செதுக்கிய காய்களை நடைபாதை நெடுக வரிசையாக வைத்து ஒரு கடைசி இரவு விளக்கேற்றுவார்கள்.

தட்டைக் கட்டும் முட்டைக்கோஸும் அப்போதும் வாசலில்தான் இருக்கும். முதல் பனி அந்த ஊதா இலைகளின் மடிப்பில் தங்கும்போது நான் கையால்கூடத் தட்டிவிடுவதில்லை.