ஹார்ட்ஸ் வார்: ஸ்காட்டின் கதையை ஏன் கடைசியில் கைவிட்டார்கள்?

போஸ்டரில் புரூஸ் வில்லிஸ் இருப்பதைப் பார்த்துச் சண்டைப்படம் என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். 2002இல் கிரெகரி ஹாப்லிட் இயக்கிய இந்தப் படம் பெரும்பாலும் ஒரு கொலை வழக்கு. நடக்கும் இடம், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஜெர்மனியில் இருந்த ஒரு போர்க்கைதி முகாம்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க லெப்டினன்ட் ஹார்ட் (காலின் ஃபாரல்) பிடிபட்டு ரயிலில் கொண்டுபோகப்படுகிறான். உள்ளே இருப்பது கைதிகள் என்று தெரியாமல் அவர்கள் நாட்டு விமானங்களே சுடத் தொடங்க, அத்தனை பேரும் இறங்கி ஓடி, பனியில் தங்கள் உடம்புகளையே எழுத்துகளாக வைத்து மேலே இருப்பவர்களுக்குப் புரியவைக்கிறார்கள். எனக்கு மூச்சு நின்றே போனது.

அப்புறம் முகாமுக்கு இரண்டு கறுப்பின விமானிகள் வருகிறார்கள். கறுப்பின விமானிகளுக்கென்று இருந்த டஸ்கீகி தளத்தில் பயிற்சி பெற்ற அதிகாரிகள், ஆனாலும் அதிகாரிகளோடு தங்க இடமில்லை. ஒருவரைப் பொய்யாக மாட்டிவிட்டு ஜெர்மானியர்கள் கையால் சாகடிக்கிறார்கள், அதைச் செய்தவன் என்று எல்லோரும் சந்தேகிக்கும் வெள்ளைச் சிப்பாய் கொலையாகிறான், பழி இன்னொரு விமானி ஸ்காட் மேல். வக்கீலாகக்கூட ஆகாத ஹார்ட்தான் அவனுக்காக வாதாட வேண்டும், ஹார்ட்டுக்கு ராணுவச் சட்டப் புத்தகம் தந்து உதவுவதோ எதிரி முகாமின் தலைவர் விஸ்ஸர்! மார்செல் யூரெஷ் அந்த வேடத்தில் பிரமாதம், ஒவ்வொரு காட்சியிலும் வில்லிஸை ஓரங்கட்டிவிடுகிறார்.

ஆனால் படத்தின் உயிர் ஸ்காட்டாக நடித்த டெரன்ஸ் ஹோவர்ட்தான். அமெரிக்காவில் சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியக் கைதிகளுக்குக் கிடைத்த இருக்கைகூட, சீருடை போட்ட தனக்குக் கிடைக்கவில்லை என்று அவர் கூண்டில் சொல்லும்போது நமக்கே தலை குனிகிறது. மிகைப்படுத்தியதும் இல்லை. ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை ஒழிக்க அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆணை போட்டதே 1948இல்தான்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். விசாரணையே ஒரு திரை, அதன் மறைவில் கைதிகளின் தலைவரான கர்னல் (வில்லிஸ்) ஆட்களைச் சுரங்கம் வழியாக வெளியே அனுப்புகிறார் என்ற திருப்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு விலையாக ஸ்காட்டின் உயிரை வைத்துவிட்டு, கடைசி இருபது நிமிடங்களில் ஹார்ட்டின் மானம், கர்னலின் தியாகம் என்று கேமரா அவர்கள் பக்கமே நிற்கிறது. அநியாயம் நடந்தது யாருக்கு? அவன் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கக் கூடாதா?

இவ்வளவு கோபத்தோடும் சொல்கிறேன், கட்டாயம் பாருங்கள். ஹோவர்ட் சாட்சி சொல்லும் அந்தக் காட்சிக்காகவே நான் இரண்டாவது முறை பார்த்தேன்.