நியூ 52 முதல் ஆப்சொல்யூட் வரை: பாளையங்கோட்டையில் இருந்து ஒரு வாசக அனுபவம்

அமெரிக்கப் பதிப்பகமான டிசி காமிக்ஸ் தன் சூப்பர் ஹீரோ வரிசையைப் புதிதாகத் தொடங்குகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வாசகர் வட்டத்துப் பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்ப இருந்து படிச்சா வெளங்குமா அண்ணே?” வெளங்கும், அதில் சந்தேகமே வேண்டாம். அஞ்சு வருஷம் கழித்தும் அந்தப் புத்தகம் உங்கள் அலமாரியில் இருக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2011-ல் வந்த நியூ 52, 2016-ல் வந்த ரீபர்த், 2024-ல் வந்த ஆப்சொல்யூட் மூன்றையும் காசு கொடுத்து வாங்கி, திரும்பத் திரும்பப் படித்து, இரவல் கொடுத்து, பறிகொடுத்தும் பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக நியூ 52 பற்றிச் சுருக்கமாக. 2011 ஆகஸ்ட் 31 அன்று ஃப்ளாஷ்பாயிண்ட் தொடரின் கடைசி இதழும், ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜிம் லீ வரைந்த ஜஸ்டிஸ் லீக் முதல் இதழும் ஒரே நாளில் வந்தன. மின்னல் வேகத்தில் ஓடுகிற நாயகன் ஃப்ளாஷ், காலத்தில் பின்னால் ஓடிப் போய் ஒன்றை மாற்ற, உலகமே மாறிப் போனது என்பது கதைக்குள் சொன்ன காரணம். தொடர்ந்து செப்டம்பர் முழுக்க வரிசையாக வந்தன, மொத்தம் 52 தொடர்கள், அத்தனையும் ஒன்றாம் இதழ். 1938-ல் தொடங்கி 904 இதழ் கண்டிருந்த ஆக்‌ஷன் காமிக்ஸும், 1937-ல் தொடங்கி 881 இதழ் கண்டிருந்த டிடெக்டிவ் காமிக்ஸும் அப்போதுதான் முதல் தடவையாக ஒன்றுக்குத் திரும்பின. ஜஸ்டிஸ் லீக் முதல் இதழ் இரண்டு லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. அச்சில் வருகிற அன்றே டிஜிட்டலிலும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். எங்களுக்குப் பெரிய விஷயம் அதுதான். தனி இதழ்கள் திருநெல்வேலிக் கடைகளில் தொங்கி நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் ஒருவன் படிக்கிற அதே நாளில் முருகன்குறிச்சியில் ஒருவன் படிக்கலாம் என்றால், சண்டையிலும் சந்தோஷத்திலும் நாமும் அன்றைக்கே கலந்துகொள்ளலாம் அல்லவா?

சண்டைக்குப் பஞ்சமே இல்லை. 1996-ல் கல்யாணம் செய்துகொண்ட சூப்பர்மேன் கிளார்க்கும் அவருடைய காதலி லோயிஸும் இந்தப் புதிய உலகத்தில் கல்யாணமே ஆகாதவர்கள். சிவப்பு ஜட்டி போனது, கழுத்து வரை ஏறிய கவசம் வந்தது, 2012-ல் சூப்பர்மேனும் வொண்டர் வுமனும் காதலர்கள் ஆனார்கள். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த 1972-ல் இருந்து படக்கதை படிக்கிற அண்ணாச்சி ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “ஏ தம்பி, ஊரறியக் கல்யாணம் பண்ணி வச்ச மாப்பிள்ளைய மறுபடியும் பிரம்மச்சாரி ஆக்கிட்டானுவளே, அந்தப் பொம்பளப்புள்ள என்னடே பாவம் செஞ்சா?” கல்யாணம் ஆன நாயகனுக்கு வயதாகிவிட்டது என்று பதிப்பாளர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தோடுதான் ஒரு தலைமுறை வாசகர்கள் வளர்ந்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அழிந்தது கதை மட்டும் இல்லை, இத்தனை வருஷம் அதைப் பின்தொடர்ந்து வந்ததற்கான கணக்கும்தான்.

இதைவிட நியாயமான கோபம் பார்பரா கார்டன் விஷயத்தில் எழுந்தது. 1988-ல் ஜோக்கர் சுட்டு, நடக்க முடியாமல் போன பேட்கேர்ள் அவள். அடுத்த வருஷமே சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆரக்கிள் என்ற பெயரில் எல்லா நாயகர்களுக்கும் தகவல் தருகிற மூளையாக ஆனாள். இருபது வருஷத்துக்கு மேல் மாற்றுத்திறனாளி வாசகர்கள் “இவள் எங்களில் ஒருத்தி” என்று கொண்டாடினார்கள். நியூ 52 அவளை எழுந்து நடக்க வைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கியது. கெயில் சிமோன் அதைக் கவனமாகவே எழுதினார், அதிர்ச்சியின் வடுவை மறைக்கவும் இல்லை. இருந்தாலும் எனக்கு அந்த இழப்பு பெரிது. பேட்கேர்ள் உடை போட இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், ஆரக்கிள் ஒருத்திதான். அந்த வருஷம் சான் டியேகோ காமிக்-கானில் பேட்கேர்ள் உடையில் வந்த ஒரு பெண், மேடைக்கு மேடை எழுந்து நின்று, புதிய வரிசையில் பெண் எழுத்தாளர்களும் ஓவியர்களும் எங்கே என்று கேட்டார். இந்த மறுதொடக்கத்துக்கு வந்த எதிர்வினைகளிலேயே எனக்கு மரியாதை தோன்றியது அதன் மேல்தான்.

காலக்கணக்கு இன்னொரு குழப்பம். நாயகர்கள் உலகுக்குத் தெரிந்து அஞ்சு வருஷம்தான் ஆகிறது என்றார்கள். ஆனால் பேட்மேனுக்கு டிக், ஜேசன், டிம், டேமியன் என்று ராபின் பட்டம் கட்டிய நாலு இளம் துணைவர்கள் அப்படியே இருக்கிறார்கள், டேமியன் அவருடைய சொந்த மகன், வயது பத்து. அஞ்சு வருஷத்துக்குள் இதை எப்படி அடக்குவது? பேட்டையில் இருக்கிற தம்பி ஒருத்தன் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு, “அண்ணே, வருஷத்துக்கு ஒரு ராபின்னு வச்சாலும் ஒட்ட மாட்டேங்கு” என்றான். மற்றதை அழித்துவிட்டு பேட்மேனையும் கிரீன் லேன்டர்னையும் மட்டும் பழைய சரித்திரத்தோடு விட்டதால் வந்த சிக்கல் அது.

ஆனால் புத்தகங்கள் என்று பார்த்தால், நியூ 52-ல் என் வாழ்நாளுக்கும் வைத்துக்கொள்ளத் தக்கவை உண்டு. முதலில் ஸ்காட் ஸ்னைடர் எழுத கிரெக் கபுல்லோ வரைந்த பேட்மேன். ஆந்தைகளின் நீதிமன்றம் என்ற ரகசியக் கூட்டம் காத்தம் நகரத்தைப் பல தலைமுறையாக ஆட்டி வைக்கிறது, நகரத்தின் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தெரியும் என்று நம்பிய பேட்மேனுக்கு அது தெரியவே இல்லை. அஞ்சாவது இதழில் அவர் ஒரு சிக்கல் மண்டபத்துக்குள் மாட்டிப் புத்தி தடுமாறுகிறார். அங்கே பக்கம் பக்கவாட்டில் திரும்புகிறது, பிறகு தலைகீழாகிறது. புத்தகத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே போனால்தான் படிக்க முடியும், சுழற்றச் சுழற்ற நமக்கும் தலை சுற்றும். இதை டேப்லெட்டில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திரை தானாகத் திரும்புவதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திருப்பத் திருப்பப் பக்கமும் கூடவே திரும்பி, அந்த இடத்தின் உயிரே போய்விடும். அச்சுப் பிரதியில் படிக்கத்தான் நான் சொல்வேன்.

அடுத்தது பிரையன் அஸரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் செய்த வொண்டர் வுமன். களிமண்ணில் தாய் பிசைந்து உயிர் பெற்ற குழந்தை என்பதுதான் 1940-களில் இருந்து வந்த பிறப்புக் கதை. இவர்கள் அவளை ஸீயஸ் என்ற கிரேக்கக் கடவுளின் மகள் ஆக்கினார்கள். பழைய வாசகர்கள் கொதித்தார்கள். ஆண் துணையே இல்லாமல் பிறந்தவள் என்பதில் ஒரு அர்த்தம் இருந்தது என்ற அவர்களின் வாதம் சரிதான். அமேசான் பெண்கள் கடலில் கப்பல்காரர்களை மயக்கிக் கொல்கிறார்கள் என்று ஏழாம் இதழில் வைத்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் தெய்வங்கள் ஒரு பெரிய குடும்பமாகச் சொத்துக்கும் சிம்மாசனத்துக்கும் அடித்துக்கொள்கிற அந்தக் கதையை முதல் இதழில் இருந்து 2014-ல் முடியும் வரை ஒரே எழுத்தாளர் நடத்திக் கொண்டுபோனார், பெரும்பகுதியை சியாங்கே வரைந்தார். அந்த ஒருமை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

மற்ற தொடர்கள் பலவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2012 ஜனவரியிலேயே ஆறு தொடர்களை எட்டாம் இதழோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். சூப்பர்மேன் தொடரைத் தொடங்கிய ஜார்ஜ் பெரெஸ் ஆறு இதழோடு விலகினார். 2013-ல் பேட்வுமனின் கல்யாணத்தைக் காட்டக்கூடாது என்று பதிப்பகம் சொல்ல, ஜே.எச்.வில்லியம்ஸும் ஹேடன் பிளாக்மனும் வெளியேறினார்கள். எழுதுகிறவர் மாறினால் நாயகனின் குணமும் மாறுகிறது. மூன்று தொகுப்பு வாங்கிய பிறகு நாலாவதில் வேறு ஆள் வந்து நிற்பது போல இருந்தால், வாசகன் எதை நம்பி அடுத்ததுக்குக் காசு எடுப்பான்? புதிதாகத் தொடங்கியது இவற்றைக் கெடுக்கவில்லை. தொடங்கியவர்களை இருக்க விடாததுதான் கெடுத்தது.

அதே சமயத்தில்தான் நம் பக்கத்திலும் ஒரு மறுவரவு நடந்தது. 2012 ஜனவரியில் சிவகாசியில் இருந்து லயன் காமிக்ஸ் கம்பேக் ஸ்பெஷல் வந்தது, விலை நூறு ரூபாய். அங்கே பழைய பெயர்கள், பழைய நாயகர்கள், பழைய ஆசிரியர் எல்லாம் அப்படியே. தாளும் வண்ணமும் அளவும் மாறின, லார்கோ வின்ச் மாதிரிப் புதியவர்கள் வந்தார்கள். மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்பாக வேண்டும் என்று ஒரு கூட்டம், புதுசு மட்டும் போதும் என்று ஒரு கூட்டம். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அந்தச் சண்டை நடந்தது. ஆனால் “நீ இதுவரை படித்தது எதுவும் நடக்கவே இல்லை” என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

டிசிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். 2016 மே மாதம் வந்த ரீபர்த் சிறப்பிதழ், எண்பது பக்கம், 2.99 டாலர், ஏறக்குறைய ஒரு மன்னிப்புக் கடிதம்தான். நியூ 52-ல் காணாமல் போன, ஃப்ளாஷின் பழைய துணைவன் வாலி வெஸ்ட், யாருக்கும் தன்னை நினைவில்லை என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டுகிறான். கடைசியில் ஃப்ளாஷ் ஆன பேரி ஆலன் அவனை அடையாளம் கண்டு இழுத்து அணைக்கிற பக்கத்தில் நான் அழுதேன். ஆக்‌ஷன் காமிக்ஸ் 957 என்றும் டிடெக்டிவ் காமிக்ஸ் 934 என்றும் எண் திரும்பியது, நடுவில் வந்த 52 இதழையும் பழைய கணக்கோடு கூட்டிக்கொண்டார்கள். பீட்டர் டொமாசியும் பேட்ரிக் கிளீசனும் செய்த சூப்பர்மேனில் கிளார்க், லோயிஸ், அவர்களின் பத்து வயது மகன் ஜான் மூவரும் ஒரு பண்ணை வீட்டில் வாழ்கிறார்கள். அண்ணாச்சி முதல் தொகுப்பை ஒரே இருப்பில் முடித்துவிட்டு, “இப்பம்தான் வீடு வீடா இருக்கு” என்றார்.

அதுவும் நிலைக்கவில்லை. 2018-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் வந்ததும் ஜான் விண்வெளிக்குப் போய்ப் பதினேழு வயதுப் பையனாகத் திரும்பினான். அந்தச் சிறுவனோடு படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். வாலி வெஸ்டையும் அதே காலத்தில் ஹீரோஸ் இன் கிரைசிஸில் கொலைப்பழி சுமக்க வைத்தார்கள். அந்தத் தொடரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி புத்தகம் என்கிற பொருளைப் பற்றி. எங்கள் வட்டத்துத் தொகுப்புகள் எல்லாம் சிந்துபூந்துறையில் அண்ணாச்சி வீட்டு முன்னறையில் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்ததும் கீழ்த்தட்டுகள் இரண்டும் மூழ்கின. அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பளபளப்பான ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு தண்ணீரில் பசையாகிவிடும். அப்படியே காய்ந்தால் மொத்தப் புத்தகமும் ஒரே பலகை, பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரம் போவதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் பிரித்து நடுவில் சாதாரணத் தாள் வைத்தால் ஓரளவு தப்பும். பழைய முத்து காமிக்ஸ்களோ வெறும் நியூஸ்பிரிண்ட். நெளிந்து, பழுப்பேறி, ஆனால் பிரிந்து வந்தன, இன்றைக்கும் படிக்கலாம்.

அதன் பிறகு எதை மறுபடி வாங்குவது என்று உட்கார்ந்து பேசினோம். விலையும் குறைவில்லை, எல்லோரும் பங்கு போட வேண்டும். ஸ்னைடரின் பேட்மேன், சியாங்கின் வொண்டர் வுமன், ஜெஃப் லெமிரின் அனிமல் மேன், ரீபர்த் சூப்பர்மேன் நாலுக்கும் ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு லட்சம் விற்ற ஜஸ்டிஸ் லீகை யாரும் கேட்கவில்லை. எடுத்த நாலும், தொடங்கியவர்கள் கையிலேயே நெடுநாள் இருந்த கதைகள்.

2024 அக்டோபரில் தொடங்கிய ஆப்சொல்யூட் வரிசையை நான் மதிப்பது இதனால்தான். பழைய உலகத்தில் கைவைக்காமல், பக்கத்தில் தனி உலகம் ஒன்றைக் கட்டினார்கள். யாருடைய கல்யாணமும் அழியவில்லை. ஆப்சொல்யூட் பேட்மேனை எழுதுவது அதே ஸ்னைடர், வரைவது நிக் ட்ராகோட்டா. பேட்மேன் ஆகிற இந்த புரூஸிடம் பணமும் மாளிகையும் இல்லை, அப்பா பள்ளி ஆசிரியர், இவன் பொறியாளன், நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடாலி. கெல்லி தாம்ஸன் எழுத ஹேடன் ஷெர்மன் வரைகிற வொண்டர் வுமன் நரகத்தில் சர்சி என்ற சூனியக்காரியிடம் வளர்கிறாள், ஆனாலும் அன்பு குறையாதவள். கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகள் அதில்தான் முதன்முதலாக உள்ளே வந்தாள். முன்கதை எதையும் அவள் கேட்கவில்லை, “அடுத்த புக்கு எப்ப மாமா வரும்?” என்று மட்டும் கேட்டாள். இதே புரூஸுக்கு அம்மா உயிரோடு இருப்பதை அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. “அம்மை இருக்கப்பட்ட பய எதுக்கு ராத்திரி முழுக்க அலையுதான்?” என்கிறார். “அம்மா இருக்கதாலதான் தாத்தா அவன் பயப்படுதான்” என்று இவள். நான் இவள் பக்கம்.

புதிதாக வருகிறவர்கள் ஆப்சொல்யூட் வொண்டர் வுமன் முதல் தொகுப்பில் தொடங்குங்கள், பிறகு ஸ்னைடர்-கபுல்லோ பேட்மேன், அதன் பிறகு ரீபர்த் சூப்பர்மேன். பாளை, ஜங்ஷன் பக்கம் இருப்பவர்கள் வாங்கும் முன் படித்துப் பார்க்க வேண்டுமானால் இரவல் தருகிறோம். ரீபர்த் சூப்பர்மேன் இரண்டாம் தொகுப்பு மட்டும் இப்போது பேட்டைத் தம்பியிடம் இருக்கிறது, அவன் முடித்த பிறகு கேளுங்கள்.