சுவரில் மாட்டிய பத்திரத்தை நம்பி ஏமாந்தேன்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் யாராவது வீட்டுப் பெரியவர்களை முதியோர் இல்லத்தில் சேர்க்க யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் இல்லத்தின் பெயரைப் போடவில்லை.

பெரியம்மாவுக்கு 78 வயது. பிள்ளை இல்லை, என்னை வளர்த்ததே அவர்தான். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பிறகு படுக்கையோடு இருந்தார். நானும் மனைவியும் விடிந்தால் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்தச் சமயத்தில்தான் பொள்ளாச்சி ரோட்டில் அந்த போர்டு கண்ணில் பட்டது. தமிழிலும் மலையாளத்திலும் '24 மணி நேர நர்ஸ் வசதி'.

அட்வான்ஸ் 50,000. மாதம் 14,000. டயபரும் மருந்தும் தனி. மேனேஜர் பொள்ளாச்சிக்காரர், வாய் நிறைய "சார், சார்". ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு, முத்திரையோடு ஒரு பத்திரம். "எல்லாம் கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் பண்ணுனதுங்க சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். படித்துப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முழுக்க மலையாளத்தில் இருந்தது. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், மலையாளம் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு 3 மணியிலிருந்து 5 மணி வரைதான் பார்க்க விடுவார்கள். போகும்போதெல்லாம் பெரியம்மா குளித்து, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "தூக்கமா வருது கண்ணு" என்பார், வேறு பேச்சில்லை. வயசு அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை கம்பெனியில் பவர் ஷட்டவுன், மதியமே விட்டுவிட்டார்கள். போன் பண்ணாமல் நேராகப் போனேன். கேட்டைத் திறக்கவே பத்து நிமிஷம். உள்ளே போனதும் மூத்திர வாடை. பெரியம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தபோது முதுகுக்குக் கீழே படுக்கைப்புண், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. கட்டில் தலைமாட்டில் மருந்துச் சார்ட் தொங்கியது. அன்றைக்குத் தேதி 19. சார்ட்டில் 31 வரைக்கும் டிக் அடித்திருந்தது, மூன்று வேளையும், ஒரே பேனாவில். மேஜை டிராயரைத் திறந்தால் 1ஆம் தேதி நான் வாங்கிக் கொடுத்த தைராய்டு மாத்திரை அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

'நர்ஸ்' என்று சொன்ன பெண் சமையலுக்கு வந்தவள். ஒன்பது பேருக்கு அவள் ஒருத்தி. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே பெரியம்மாவை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்புறம் அலைச்சல். பஞ்சாயத்தில் கேட்டால் கட்டடத்துக்குத்தான் எங்கள் லைசென்ஸ் என்றார்கள். இல்லத்தை நடத்துகிற டிரஸ்டின் விலாசம் தமிழ்நாட்டில். அங்கே போனால், இல்லம் கேரளத்தில் இருக்கிறதே, அங்கே கேளுங்கள் என்றார்கள். எல்லைக்கோட்டில் கடை போட்டவனுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்.

கடைசியில் பாலக்காடு சிவில் ஸ்டேஷனில் மாவட்டச் சமூகநீதி அலுவலகம். போட்டோவைப் பார்த்த அலுவலர் ஒரே வரியில் சொன்னார்: இது டிரஸ்ட் பத்திரம், இல்லம் நடத்துவதற்கான அனுமதி இல்லை. டிரஸ்ட் பத்திரம் என்பது சார்பதிவாளர் ஆபீஸில் யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்கிற சமாச்சாரம். கேரளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு, 1960ஆம் வருஷத்து அனாதை இல்லங்கள், அறநிலையங்கள் சட்டத்தின்படி ஆர்பனேஜ் கண்ட்ரோல் போர்டு என்ற அரசு வாரியத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும். அது இருந்தால்தான் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒருவர் உள்ளே வந்து பதிவேட்டையும் படுக்கையையும் பார்ப்பார். அந்தச் சான்று இல்லாத இடம் யார் கணக்கிலும் இல்லை, யாராவது புகார் கொடுக்கும்வரை.

பக்கத்து வீட்டுப் பெண் இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் நர்ஸ். அவளிடம் சொன்னேன். அங்கே 2009லிருந்து கேர் குவாலிட்டி கமிஷன் என்று ஒன்று இருக்கிறதாம். சட்டமே அதன் இன்ஸ்பெக்டர்களுக்கு உள்ளே நுழைய, பேப்பரை எடுக்க, இருப்பவர்களிடம் தனியாகப் பேச அதிகாரம் கொடுத்திருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமலும் வருவார்கள். கொடுத்த தரத்தை, அது மோசமே என்றாலும், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியாக வேண்டும். "எங்க மேனேஜருக்கு அவங்க பேரைக் கேட்டாலே வேர்க்கும் அண்ணா" என்றாள். இங்கே எனக்குத்தான் வேர்த்தது.

சேர்க்கப் போகிறவர்கள் சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சொல்லியாவது படியுங்கள். கண்ட்ரோல் போர்டின் சான்று எண், அது எந்தத் தேதி வரை, கடைசியாக எந்த அதிகாரி வந்து பார்த்தார், விசிட் புக் எங்கே என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நேரம் குறித்துத்தான் வர வேண்டும் என்றாலும் அப்படியே. ஏற்கெனவே சிக்கியவர்கள் 14567க்குப் போன் பண்ணலாம், முதியோருக்கான இலவச உதவி எண். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நான் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

அட்வான்ஸில் 20,000 திரும்பி வந்திருக்கிறது. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. போன வாரம் அந்த ரோட்டில் போனேன். போர்டு அப்படியே இருக்கிறது, பழைய போன் நம்பர் மேல் புது நம்பர் ஒட்டியிருக்கிறார்கள்.