நாலு டிபி எட்டு டிபி ஆன கதை: சத்துவாச்சாரி வீட்டு நாஸ், பதினைந்து மாதங்களுக்குப் பிறகு

“எட்டு டிபி வாங்கணும்” என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து “யாருக்குடா டிபி?” என்றார். பாதி ஊர் ஆஸ்பத்திரியை நம்பிப் பிழைக்கும் வேலூரில் அது நியாயமான கேள்விதான். டெராபைட் என்று விளக்கி முடிப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது ஆற்றோரம் இருந்த சித்தி வீட்டில் தண்ணீர் புகுந்து, கல்யாண ஆல்பம் முழுக்க ஊறிப்போனது. அந்தப் பயத்தில் எங்கள் வீட்டுப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஓரிடத்தில் வைக்க, அடுத்த ஜனவரியில் சினாலஜி டிஎஸ்220பிளஸ் என்ற நாஸ் வாங்கினேன். நாஸ் என்றால் வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. இது இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. 4 டிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். அதனால் கையில் நிற்பது 4 டிபிதான். அதிலும் திரையில் தெரிந்தது மூன்றரைதான். விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அந்த வித்தியாசம் டெராபைட் அளவில் நன்றாகவே உறைக்கும்.

குடும்பப் படங்களுக்கு அது பத்து வருடம் தாங்கியிருக்கும். ஆனால் என் மச்சான் காட்பாடியில் கல்யாண வீடியோ எடுப்பவன். “ஒரு வாரம் வெச்சிக்கிறேன் மாமா” என்று ஒரு முகூர்த்தத்தைக் கொண்டுவந்து கொட்டினான். பிறகு வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து. 2024 சித்திரையில் பெட்டி 93 சதவீதம் என்று எச்சரித்தது.

டிஸ்க் வாங்கும் முன் குப்பையைக் கிளறிப் பாருங்கள். அழித்த கோப்புகள் நாஸின் ரீசைக்கிள் பின்னில் அப்படியே இருந்தன. ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகளின் பழைய நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் வசதி, வேறு பழையதைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டையும் சுத்தம் செய்ததில் 400 ஜிபிக்கு மேல் திரும்பி வந்தது. மச்சான் அதை மூன்று வாரத்தில் நிரப்பினான் என்பது வேறு விஷயம்.

என் முதல் தப்பு இரண்டு ஸ்லாட் பெட்டி வாங்கியது. நான்கு ஸ்லாட் இருந்திருந்தால் இன்னும் ஒரே ஒரு 4 டிபி டிஸ்க்கைச் செருகினால் போதும், கொள்ளளவு 4 இலிருந்து 8 ஆகியிருக்கும். இதில் இரண்டு டிஸ்க்கையுமே மாற்றியாக வேண்டும். பக்கத்தில் இன்னொரு பெட்டியை இணைத்துப் பெரிதாக்கவும் இந்த மாடலில் வழியில்லை. காசு மிச்சம் என்று அன்று நினைத்தது இன்று செலவாக வந்து நின்றது.

டிஸ்க் தேர்வில் பார்க்க வேண்டியது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது. இரண்டும் டிஸ்க்கில் எழுதும் முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றையொன்று மூடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற மேலே உள்ளதை எல்லாம் தூக்கி மறுபடி அடுக்குவதுபோல, ஒரு தடத்தைத் திருத்தி எழுத பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். சும்மா படம் போட்டு வைக்க அது பரவாயில்லை. டிஸ்க்கை மாற்றி முழுவதையும் மறுபடி எழுதும் வேளையில் நாள்கணக்கில் இழுத்துவிடும். 2020இல் நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளிலும் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட வாசகத்தை நம்பாமல் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பார்த்தேன்.

இரண்டும் ஒரே லாட்டாக இருந்து சேர்ந்தே கெட்டுப்போக வேண்டாம் என்று ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஏதோ புடவை அனுப்புவதுபோல ஒரு மெல்லிய கவரில் வந்தது. டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முழு ஸ்மார்ட் சோதனை ஓட்டினேன், ஓர் இரவும் பாதிப் பகலும் ஆனது. கடைசியில் கெட்ட செக்டர்கள் தெரிந்தன. திருப்பி அனுப்பி மாற்று வர பன்னிரண்டு நாள். சோதிக்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். இரண்டாவதை சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, சாயங்கால லால்பாக் எக்ஸ்பிரஸில் காட்பாடி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மாற்றும் வேலை சுலபம்தான். திரையில் ஒரு டிஸ்க்கை நிறுத்தச் சொல்லி, உருவி, புதியதைச் செருகி, ரிப்பேர் கொடுக்க வேண்டும். பெட்டி பீப் பீப் என்று கத்தும், பயப்படாதீர்கள். முதல் டிஸ்க்குக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. மறுநாள் மச்சான் எட்டிப் பார்த்து “இன்னா மாமா, எட்டு போட்டும் அதே மூன்றரை காட்டுது?” என்றான். ஜோடியில் சின்னது எதுவோ அதுதான் கணக்கு, இரண்டாவதும் பெரிதானால்தான் இடம் கூடும். இதைத் தெரியாமல் நடுவில் பதறுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது டிஸ்க் ஓடும்போதுதான் வயிறு கலங்கியது. சரியாகக் கத்திரி வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொண்டது முழுக்க என் முட்டாள்தனம். மாடி அறையில் டிஸ்க் சூடு 54 டிகிரிக்குப் போனது. டேபிள் ஃபேனை எதிரே வைத்தேன். மதியம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அது லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் கண்சிமிட்டும் நேரத்தில் நாஸ் அணைந்து மறுபடி எழுந்தது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிப்பேர் மறுபடி தொடங்கியது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அது முடிந்து, புதிதாகக் கிடைத்த இடத்தையும் இரண்டு டிஸ்க்கிலும் சமன்செய்ய இன்னொரு முழு நாள். இப்போது 7 டிபி காட்டுகிறது.

மறுவாரமே யூஎஸ்பி வயர் வைத்த 600 விஏ யூபிஎஸ் வாங்கினேன். யூஎஸ்பி முக்கியம்: கரண்ட் நீடித்து வராவிட்டால் நாஸுக்குத் தகவல் போய் அதுவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மலிவான மாடல்களில் அந்தத் துளையே இருக்காது. இத்தனை செலவிலும் ஒரு நாளும் உறுத்தாத செலவு இதுதான்.

பதினைந்து மாதத்தில் டிஸ்க்குகள் தொல்லை கொடுக்கவில்லை. சத்தம் மட்டும் குறை. பழையவை நிமிடத்துக்கு 5,400 சுற்று, இவை 7,200 சுற்று. ராத்திரி இரண்டு மணிக்கு மேசைக்குள் எலி புகுந்ததுபோல கறகற என்கிறது. கீழே மாடிப்படி அடியில் இடம் மாற்றினேன். சத்தமும் குறைந்தது, இந்த மே மாதம் சூடும் 46ஐத் தாண்டவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். மின்சாரம் 15 முதல் 20 வாட். இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட்டுக்குள் அடங்குகிறது.

பழைய 4 டிபி இரண்டையும் விற்கவில்லை. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி கேஸில் போட்டு, சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் என்ற செயலி வழியாகக் குடும்பப் படங்களை மட்டும் மாதாமாதம் எடுக்கிறேன். ஒன்று இங்கே, ஒன்று குடியாத்தத்தில் மாமனார் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு நடுவில். இரண்டு டிஸ்க் ஜோடியாக ஓடுவது ஒன்று செத்தால் காப்பாற்றும். தப்பாக அழித்ததையோ, வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலோ காப்பாற்றாது. சித்தியின் ஆல்பத்தைப் பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மச்சானுக்குத் தனி ஃபோல்டர் போட்டு 2 டிபி கோட்டா வைத்துவிட்டேன். இன்று காலை பார்த்தேன், அதில் 1.9 நிரம்பியிருக்கிறது. ஆடி முடிகிறது, ஆவணியில் அவனுக்கு ஏழு முகூர்த்தமாம்.