இரண்டு மழைக்காலம், இரண்டு சார்ஜிங் போர்டு: கொடைக்கானல் மலையில் ஒரு 11,000 ரூபாய் போன்

"நீங்க வச்சிருக்கிற அதே போன் இப்ப 1,500 ரூபாய் குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று மன்னவனூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். இரண்டாவது முறையாக என் போனுக்குச் சார்ஜிங் போர்டு, அதாவது கேபிள் செருகும் ஓட்டை இருக்கும் சின்னப் பலகை, மாற்றிய அதே வாரத்தில் கேட்டார். பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரும் மாடலும் வேண்டாம். இந்த விலையில் வரும் பல போன்களுக்கு உள்ளே அமைப்பு இதேதான். 6 ஜிபி ரேம், 128 ஜிபி இடம், 5,000 எம்ஏஎச் பேட்டரி, 18 வாட் சார்ஜர், எச்டி பிளஸ் எல்சிடி திரை, பக்கவாட்டில் கைரேகை, 3.5 எம்எம் இயர்போன் ஓட்டை, தூசு, தண்ணீர் தாங்கும் தரம் ஐபி52.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த போன் சிக்னலை விடாமல் பிடிக்கும். மலையில் போன் வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எந்தெந்த பேண்டு இருக்கிறது என்று. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் சரிவையும் மரக்கூட்டத்தையும் கொஞ்சமாவது தாண்டி வரும். பேண்டு 28, பேண்டு 5, பேண்டு 8 என்று எழுதியிருப்பது இவற்றைத்தான். பிஎஸ்என்எல் 4ஜி பெரும்பாலும் 700லும் 2100லும் வருகிறது. பேண்டு 28 இல்லாத பழைய போனில் பிஎஸ்என்எல் சிம் போட்டுவிட்டு டவரைத் திட்டிப் பயனில்லை. இதில் மூன்றும் இருக்கின்றன. கூக்கால், பூம்பாறை பக்கம் பள்ளத்தில் இறங்கினாலும் ஒரு சிக்னல் கட்டையாவது நிற்கிறது.

கட்டையை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* அழுத்தினால் பல ஆண்ட்ராய்டு போன்களில் போன் தகவல் பக்கம் திறக்கும். அதில் 4ஜி சிக்னல் மைனஸ் 90 டிபிஎம் அளவில் இருந்தால் நன்றாகப் பேசலாம். மைனஸ் 110க்குக் கீழே போனால் குரல் விட்டு விட்டு வரும். மைனஸ் 120 பக்கம் போனால் எந்த நேரமும் அறுந்துவிடும். வீட்டுக்குள் நாலு இடத்தில் நின்று பார்த்து, எண் நன்றாக இருக்கும் ஜன்னல் ஓரத்தைப் போனுக்கு ஒதுக்கிவிடுங்கள். 5ஜி அரைகுறையாக எட்டிப்பார்க்கும் ஊர்களில் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் போன் இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தேடிக்கொண்டே பேட்டரியைத் தின்றுவிடும். 4ஜி மட்டும் என்று பூட்டுகிறவர்கள் வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டினால் அழைப்பே வராது.

பேட்டரியும் குறை சொல்லும்படி இல்லை, குளிர்காலத்தைத் தவிர. ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்துவிடும். கை இடுக்கில் வைத்துச் சூடாக்கி ஆன் செய்தால் மறுபடி 15 காட்டும். பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே மாற்ற ஓடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் குளிரில் மின்தடை கூடும். கேமராவோ அழைப்போ திடீரென்று மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. பழைய பேட்டரியில் இது இன்னும் முன்னதாகவே நடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் 30 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பாமல் இருந்தால் போதும். சில்லிட்ட சிமெண்ட் திண்டில் வைத்துச் சார்ஜ் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். அதுவும் கோளாறு அல்ல. பேட்டரி குளிர்ந்திருந்தால் போனே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது.

கைரேகை சுமார். பூண்டு உரித்த விரல், மண் அளைந்த விரல், ஈர விரல் எதையும் அது மதிப்பதில்லை. முகம் காட்டித் திறக்கலாம் என்றால் குல்லாவும் மப்ளரும் போட்ட முகத்தை அதற்குத் தெரியாது. ஆறு இலக்க எண்தான் மலைக்குச் சரி. மூடுபனித் துளி விழுந்த திரை தானாக எண்களை அழுத்தும் என்பதால் யுபிஐ பின் போடுமுன் திரையைத் துடைத்துவிடுங்கள். மூன்று தடவை தப்பானால் பல வங்கிகளில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். கேமரா, வெயிலில் நல்ல படம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இனி ரேடியோ. இதற்காகவே இந்த போனைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எஃப்எம் வசதி சிப்பிலேயே இருந்தும் அதை மூடிவைத்து விற்கும் போன்கள் உண்டு. அப்படி மூடக்கூடாது என்று 2023ல் மத்திய மின்னணு அமைச்சகம் அறிவுரை அனுப்பியது. இதில் திறந்திருக்கிறது. ஒயர் இயர்போனைச் செருகினால் அந்த ஒயரே ஆன்டெனா. கோடை பண்பலை 100.5 கணீரென்று வரும். இயர்போன் செருகியபடியே ஸ்பீக்கரில் விட்டால் வீடே கேட்கலாம். டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம், பேட்டரியும் அதிகம் குறையாது. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து, ரோட்டையும் கரண்டையும் துண்டித்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாளில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது கையில் இருக்க வேண்டிய கருவி ரேடியோதான். 11,000 ரூபாய் போனில் அது இருப்பது பெரிய விஷயம். சி டைப் இயர்போனில் பெரும்பாலும் எஃப்எம் எடுக்காது. அதனால்தான் 3.5 எம்எம் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

இவ்வளவு நல்ல போனைக் கெடுப்பது அடியில் இருக்கும் ஒரு விரல் நீளப் பலகை, அந்தச் சார்ஜிங் போர்டு.

முதல் அறிகுறி நீர்த்துளி அடையாளம். கேபிள் செருகினால் "போர்ட்டில் ஈரம்" என்று சொல்லிச் சார்ஜ் ஏற்ற மறுக்கும். மழையில் நனையவே இல்லையே என்பீர்கள். நனைய வேண்டாம். சாயங்காலம் வண்டி கவரில் இருந்து 8, 10 டிகிரிக்குக் குளிர்ந்துபோன போனை, உலை கொதிக்கும் சமையலறைக்குள் கொண்டுவருகிறீர்கள். குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பின் வெளியே முத்து முத்தாகக் கோர்ப்பது போல, சி பின்னின் (சி டைப் கேபிள் செருகும் ஓட்டையின்) உலோகத்திலும் நீர் கோர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கேபிளைச் செருகுவதுதான் கெடுதல். நீர் மட்டும் இருந்தால் காய்ந்துபோகும். நீரோடு 5 வோல்ட் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும்.

கழற்றிய பழைய போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகத் தெரிகிறது. ஓட்டையின் நடுவே ஒரு சின்ன நாக்கு, அதன் மேலும் கீழும் பொன்நிறப் பட்டைகள். பெரும்பாலானவை பளபளப்பாகவே இருக்கின்றன. மின்சாரம் வரும் பட்டையும், அதை ஒட்டி இருக்கும் சிசி பட்டையும் மட்டும் பொன் பூச்சு போய்க் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருக்கின்றன. எந்த கேபிள் வந்திருக்கிறது, எவ்வளவு மின்சாரம் வாங்கலாம் என்று போன் தெரிந்துகொள்வது அந்தச் சிசி பட்டை வழியாகத்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று அரித்துப்போனால் கேபிளை ஒரு பக்கம் செருகினால் ஏறும், திருப்பினால் ஏறாது. கேபிளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் நிலை வந்துவிட்டால் போர்டின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

வத்தலக்குண்டுக்கு இறங்கி ரிப்பேர் கடையில் கொடுத்தால் போன் அங்கே ஒழுங்காகச் சார்ஜ் ஏறும். கீழே இருக்கும் வெக்கையில் ஈரம் காய்ந்துபோயிருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மேலே வந்த மறுநாள் பழைய கதை. கடைக்காரர் மேல் தப்பில்லை. "மலையிலிருந்து வருகிறது, ஈரம், ஒரு பக்கம்தான் ஏறுகிறது" என்று சொல்லிக் கொடுங்கள்.

இதே போர்டில்தான் பேசும் மைக்கும் இருக்கிறது. "நீ பேசுறது கேக்கல, டவர் இல்லியா?" என்று எதிர்முனையில் கேட்டால் நாமும் டவர் இல்லை என்றே நம்பி மொட்டைமாடிக்கு ஓடுகிறோம். பல தடவை டவரில் குறை இல்லை, மைக்கில் பச்சை பூத்திருக்கிறது. சோதிப்பது எளிது. போனில் இருக்கும் குரல் பதிவில் பத்து விநாடி பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பதிவே மங்கலாகவோ கரகரவென்றோ இருந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.

காப்பாற்ற வழி உண்டு. வெளியிலிருந்து வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன்பே போனை ஜிப் கவருக்குள் போட்டு மூடி, 20 நிமிடம் வீட்டுச் சூட்டுக்கு வரவிடுங்கள். நீர் கவரின் மேல் கோர்க்கும், போனில் கோர்க்காது. அதற்குப் பிறகு கேபிள். கரண்ட் ஓடும் கேபிளை ராத்திரி முழுக்கத் திறந்த ஜன்னல் பக்கம் விடாதீர்கள். ரப்பர் மூடி நல்ல யோசனை போலத் தெரியும். காய்ந்த ஓட்டையை மூடினால் நல்லது, ஈர ஓட்டையை மூடினால் ஈரத்தை உள்ளேயே ஊறவைப்பது. நீர்த்துளி அடையாளம் வந்துவிட்டால் போனை அணைத்து, ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூள் உள்ளே போய் அடுத்த ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடுப்பு மேடையும் ஆகாது, கரிப்புகை படியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, போனோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைப்பது நன்றாக வேலை செய்கிறது. காய்ந்த பிறகும் அடையாளம் போகவில்லை என்றால் உள்ளே அழுக்கு. மரப் பல்குச்சியால் பஞ்சை மெதுவாக எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் நாக்கின் இரு பக்கமும் துடைத்து அரைமணி நேரம் காயவிடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம். நாக்கு உடைந்தால் அதோடு முடிந்தது.

இத்தனையும் செய்தும் இரண்டு வருடத்தில் இரண்டு போர்டு. வாரண்டியில் இருந்தபோதே முதல் தடவை கொண்டுபோனது. சர்வீஸ் சென்டரில் சிம் தட்டைக் கழற்றி, உள்ளே ஈரம் பட்டுச் சிவந்திருந்த ஸ்டிக்கரைக் காட்டி, தண்ணீர் சேதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐபி52 என்று பெட்டியில் போட்டிருப்பது தண்ணீரைப் பொறுத்தவரை சொட்டுக்கு மட்டும்தான், அதற்கும் வாரண்டி கிடையாது. இதை விற்கும்போதே சொல்ல வேண்டும். மூடுபனி இறங்கும் ஊர்களில் இந்த போனை ஆயிரக்கணக்கில் விற்பவர்களுக்கு, ஓட்டையைச் சுற்றி நல்ல ரப்பர் வளையம் ஒன்று வைப்பது பெரிய செலவா? கோபம் வருகிறது.

வெளிக்கடையில் போர்டு மாற்றக் கூலியோடு 450 ரூபாய். ஆனால் கிடைப்பது டூப்ளிகேட் போர்டு. முதல் போர்டு மாற்றியபின் வேகச் சார்ஜ் போய்விட்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நிறைந்தது மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாவதில் வேகச் சார்ஜ் வருகிறது, மைக் தெளிவாக இருக்கிறது. ஆனால் இயர்போன் ஓட்டையும் அதே போர்டில் இருப்பதால், ஆன்டெனா வழியும் அதன் வழியாகவே போகிறது. இப்போது 100.5ல் இரைச்சல்தான் வருகிறது. போர்டு மாற்றி வாங்கும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கேபிளை இரு பக்கமும் திருப்பிச் செருகி, குரல் பதிவு செய்து, இயர்போன் போட்டு ரேடியோ வைத்து, இவை எல்லாம் ஆன பிறகு காசு கொடுங்கள்.

ஆகவே மன்னவனூர் நண்பருக்கு: வாங்காதீர்கள். சிக்னல் நன்று, பேட்டரி நன்று என்று மேலே சொன்னதெல்லாம் உண்மை. இருந்தாலும் 1,500 குறைத்தாலும் 3,000 குறைத்தாலும் வேண்டாம். இன்னும் ஓர் ஆயிரம், இரண்டாயிரம் சேர்த்து ஐபி64 அல்லது அதற்கு மேல் போட்ட போனைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நினைவகம் மெதுவான இஎம்எம்சி வகை என்றால் தவிர்த்து, வேகமான யுஎஃப்எஸ் 2.2 எடுங்கள். வாங்குமுன் அந்த மாடலின் கம்பெனி சார்ஜிங் போர்டு கிடைக்கிறதா, என்ன விலை என்று வத்தலக்குண்டு ரிப்பேர் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மாடல்களில் சி பின் மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம். பெட்டியில் இப்போதெல்லாம் இயர்போன் வருவதில்லை. வீட்டிலிருந்து ஒயர் இயர்போன் ஒன்றை எடுத்துப்போய், கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடையிலேயே செருகி 100.5 வைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.